மண்டபத்துத் திரையில் வேறொரு மணப்பெண்

டிரைவர் எழுதுகிறேன் என்று நான் சொன்னபோது தேவனாம்பட்டினத்தில் எங்கள் பெரியப்பா, "லாரியா, பஸ்ஸா?" என்று கேட்டார். லைசென்ஸ் பரீட்சை எழுதப் போகிறேன் என்று நினைத்துவிட்டார். கடலுக்குப் போகிற வீட்டுப் பெண் லாரி ஓட்டப் போகிறாளாம் என்று சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கப் பேச்சு. நானும் மறுக்கவில்லை. கணினியோடு இணைக்கிற பெட்டிக்கும் கணினியில் ஓடுகிற அப்ளிகேஷனுக்கும் நடுவில் நின்று பேசுகிற நிரலுக்குத்தான் டிரைவர் என்று பெயர் என விளக்குவதைவிட, லாரி என்றே விட்டுவிடுவது சுலபமாக இருந்தது.

நீங்கள் இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். புதிதாக ஒரு சேமிப்புச் சாதனம் வந்து சேர்ந்தால் டிரைவர் அதை அப்ளிகேஷனுக்கு எப்படித் தெரிவிக்க வேண்டும் என்று உங்களில் சிலர் என்னிடம் கேட்டீர்கள். அதற்கான முறைகள் எல்லாம் கையேட்டில் இருக்கின்றன, படித்துக்கொள்ளலாம். நான் சொல்லக்கூடியது சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் கழிந்த ஒரு பகலைப் பற்றி மட்டும்தான். ஓய்வு பெற்ற பிறகும் அதை நினைத்துத் தனியாகச் சிரித்து, வீட்டில் உள்ளவர்களைக் கவலைப்பட வைத்திருக்கிறேன்.

2008. மஞ்சக்குப்பத்தில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் கம்பெனி. முதலாளியையும் சேர்த்து எல்லோரும் ஒரே ஷேர் ஆட்டோவில் அடங்கிவிடுவோம். கேட்பவர்களுக்குத் தகுந்தபடி சின்னச் சின்ன மின்னணுப் பெட்டிகள் செய்து கொடுப்பது தொழில். அப்படிக் கேட்டு வந்தவர்களில் ஒருவர் சேகர், சிதம்பரம் கீழ வீதியில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தவர். கல்யாணத்தில் எடுக்கிற படங்கள் பந்தி முடிவதற்குள் மண்டபத்திலேயே பெரிய திரையில் ஓட வேண்டும் என்பது அவர் ஆசை. கேமராவிலிருந்து கார்டை எடுத்துப் பெட்டியில் செருகினால் போதும், யாரும் மவுஸைத் தொடக் கூடாது என்றார்.

பெட்டிக்கு டிரைவர் எழுதியது நான். படங்களைக் காட்டுகிற அப்ளிகேஷனை எழுதியது அமீன். லால்பேட்டைக்காரன், என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவன், கடலூரில் அறை எடுத்துத் தங்கியிருந்தான். அவன் சிரித்தால் கீழே ஜவுளிக்கடையில் புடவை பார்க்கிறவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

ஆரம்பத்தில் அவனுடைய அப்ளிகேஷன், கார்டு வந்துவிட்டதா, கார்டு வந்துவிட்டதா என்று என் டிரைவரை ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தது. கணினிக்கு வேறு எதற்கும் நேரமில்லை. நீ கேட்காதே, வந்தால் நானே கூப்பிடுகிறேன் என்று சொல்லி டிரைவரை மாற்றி எழுதினேன். கார்டு வந்ததும் டிரைவர் கூப்பிடும், அப்ளிகேஷன் பதில் சொல்லும்வரை காத்திருக்கும். கார்டைச் செருகினோம். திரை, மவுஸ், மூலையில் இருந்த கடிகாரம் எல்லாம் அப்படியே உறைந்து நின்றன.

அமீன் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தான். பிறகு சிரிக்க ஆரம்பித்தான்.

"அக்கா, நீங்க எனக்கு போன் போட்டு, நான் பதில் சொல்ற வரைக்கும் லைன்லயே நிக்கிறீங்க. பதில் சொல்லணும்னா நான் கார்டுல இன்னா இருக்குன்னு ஒங்களுக்கு போன் போட்டுக் கேக்கணும். ஒங்க லைன் பிஸி."

அவ்வளவுதான் விஷயம். இரண்டு நிரல்களும் ஒன்றுக்காக ஒன்று மரியாதையாகக் காத்து நின்றன. அன்றே மாற்றினேன். டிரைவர் தகவலை ஒரு இடத்தில் வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடும். அப்ளிகேஷன் தனக்கு முடிந்தபோது வந்து எடுத்துக்கொள்ளும். சொன்னவர் பதிலுக்கு நிற்கக் கூடாது. என் வீட்டில் இதை இன்றுவரை என்னால் நடைமுறைப்படுத்த முடியவில்லை, ஆனால் டிரைவரில் நடந்தது.

ஒரு விஷயத்தில் மட்டும் எங்களுக்குள் ஒத்துவரவில்லை. வந்தது புதுக் கார்டா, பழைய கார்டே திரும்பி வந்ததா என்பதையும் டிரைவரே சொல்ல வேண்டும் என்றான் அமீன். அது எனக்கு எப்படித் தெரியும், ஒரு கார்டு வந்திருக்கிறது என்பதுதான் எனக்குத் தெரியும், மிச்சத்தை நீ பார்த்துக்கொள் என்றேன். அவன் சொன்னதிலும் நியாயம் இருந்தது, நான் சொன்னதிலும் இருந்தது. கல்யாணம் முடிந்து வந்து சண்டை போடுங்கள் என்று முதலாளி இருவரையும் பஸ் ஏற்றிவிட்டார்.

சிதம்பரத்தில் மண்டபம் நிறையக் கூட்டம். மேடைக்கு எதிரே ஒரு மேசை, அதன் மேல் கணினி, எங்கள் பெட்டி, வாடகைக்கு எடுத்த புரொஜெக்டர். மாப்பிள்ளை வீடு பக்கத்துக் கிராமத்தில் பழைய விவசாயக் குடும்பம். மாப்பிள்ளை ஏதோ வங்கியில் வேலை பார்த்தார். கூட்டத்தைக் கட்டி மேய்த்துக்கொண்டிருந்தவர் அவருடைய தாய்மாமன். கனத்த உடம்பு, கனத்த மீசை. அவர் கை காட்டினால் மேளம் நின்றது, கை காட்டினால் தொடங்கியது. மாப்பிள்ளையின் அம்மா அவருக்குத் தங்கை. அண்ணன் முகத்தைப் பார்த்துக்கொண்டே எல்லாம் செய்கிற அம்மா என்று வந்த கொஞ்ச நேரத்திலேயே தெரிந்துவிட்டது.

முதல் கார்டைச் செருகினோம். டிரைவர் சொன்னது, அப்ளிகேஷன் கேட்டது, திரையில் மணப்பெண்ணின் தோழிகள் பூத்தட்டோடு வந்தார்கள். மண்டபமே திரும்பிப் பார்த்தது. அப்புறம் பார்க்க வேண்டுமே. தன் முகம் திரையில் வந்தவர்கள் தலையைச் சரிசெய்துகொண்டு இன்னொரு படம் எடுக்கச் சொல்லி, சேகர் அழைத்து வந்திருந்த போட்டோகிராபரிடம் ஓடினார்கள். பந்தியில் உட்கார்ந்தவர்கள் பாதியில் எழுந்து வந்து, தாங்கள் பந்தியில் உட்கார்ந்திருக்கும் படத்தைப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு தாத்தா தூணில் சாய்ந்து தூங்கிய படம் வந்தது. அவரை எழுப்பிக் காட்டினார்கள். சேகர் என் பக்கம் வந்து, மேடம், இனி எல்லாக் கல்யாணத்துக்கும் நீங்கதான் என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கும் அமீனுக்கும் கால் தரையில் பாவவில்லை.

தாலி கட்டியதும் போட்டோகிராபர் ஓடிவந்து கேமராவிலிருந்து கார்டை எடுத்துச் செருகினார். போன வாரம் வேறொரு கல்யாணத்துக்கு எடுத்துப்போன கார்டு, பழைய படங்கள் இன்னும் அதில் இருந்தன. செருகியதுமே அதைப் பார்த்துவிட்டு, இதில் இன்றைய படங்கள் மட்டும் என்று அமீன் அப்ளிகேஷனில் குறித்துவைத்தான். அதனால் கவலையில்லை. கார்டில் உள்ள படங்களைக் கணினிக்கு நகர்த்தி, திரையில் காட்டி, கார்டிலிருந்து அழிப்பது அப்ளிகேஷனின் வேலை.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. 2008இல் கரண்ட் போவது பற்றி யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். சேகர் ஜெனரேட்டர் பக்கம் ஓடினார். கணினியும் புரொஜெக்டரும் யுபிஎஸ்ஸில் இருந்ததால் நிற்கவில்லை. எங்கள் பெட்டியை மட்டும் மண்டபத்து எலக்ட்ரீஷியன் சுவரில் இருந்த வேறு பிளக்கில் செருகியிருந்தார். பெட்டி அணைந்தது. ஜெனரேட்டர் வந்ததும் விழித்துக்கொண்டது. என் டிரைவர் தன் கடமையைச் செய்தது. ஒரு கார்டு வந்திருக்கிறது என்றது. புதுக் கார்டு என்று அமீனின் அப்ளிகேஷன், அவன் குறித்துவைத்ததை மறந்துவிட்டு, சந்தோஷமாக எடுத்துக்கொண்டு முதல் படத்திலிருந்து ஆரம்பித்தது.

திரையில் வேறொரு மணப்பெண்.

அரக்குப் பட்டு, நெற்றிச்சுட்டி, முகம் நிறையச் சிரிப்பு. அடுத்த படத்தில் அதே பெண் மாலையோடு. அதற்கும் அடுத்தது தாலி கழுத்தில் ஏறுகிற படம், மாப்பிள்ளையின் கை மட்டும் தெரிந்தது. மண்டபத்தில் பேச்சு நின்றுவிட்டது. பெண் வீட்டு வரிசையில் யாரோ, மாப்பிள்ளைக்கு முன்னாடியே ஒன்று ஆகியிருக்குமோ என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டது எனக்கே காதில் விழுந்தது. மேடையில் நிஜ மாப்பிள்ளை எழுந்து நின்றுவிட்டார். நிஜ மணப்பெண் அவரை ஒரு பார்வை பார்த்தாள். நல்லவேளையாக அடுத்த படத்தில் அந்த மாப்பிள்ளையின் முகம் முழுசாக வந்தது, ஒல்லியான, கண்ணாடி போட்ட வேறு ஆள். அப்பாடா என்று மண்டபம் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

நானும் அமீனும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். உங்களிடம் நான் சொல்ல வந்த இடம் இதுதான். அந்தக் கார்டின் கடைசியில், அன்றைய தாலி கட்டும் படங்கள் இருந்தன. அப்ளிகேஷன் ஒவ்வொரு படமாகக் கணினியில் எழுதிக் கார்டில் அழித்துக்கொண்டே போகிறது. நடுவில் மறுபடி கார்டையோ கரண்டையோ பிடுங்கினால் கார்டு கெட்டுப்போகலாம், ஒருமுறை தப்பியதே அதிர்ஷ்டம். கெட்டால் இந்தக் கல்யாணத்தின் தாலிப் படம் எங்குமே இருக்காது. காட்டுவதும் நகர்த்துவதும் ஒரே நிரல் என்பதால் ஒன்றை விட்டு ஒன்றை நிறுத்தவும் வழியில்லை. புரொஜெக்டரை அணைக்க ரிமோட் வேண்டும், அது சேகர் சட்டைப் பையில், சேகர் ஜெனரேட்டர் அருகில். மேசைக்குப் பின்னால் ஒயர்கள் சடைபோட்டுக் கிடந்தன, எது எதனுடையது என்று அந்த அவசரத்தில் சொல்ல முடியாது.

அந்த மாதிரி நேரத்தில் கை தானாக எதையாவது பிடுங்கப் போகும். என் கையும் போனது. இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். போனால் திரும்பக் கிடைக்காதது எது என்று மட்டும் யோசித்தேன். வெட்கம் ஒரு மணி நேரத்தில் போய்விடும், தாலிப் படம் போனால் வராது. ஓடட்டும், எதையும் தொடாதே, வெளிச்சத்தை மட்டும் மறை என்று அமீனிடம் சொன்னேன்.

அவன் பந்திக்கட்டிலிருந்து ஒரு வாழை இலையை உருவிக்கொண்டு வந்து புரொஜெக்டருக்கு முன்னால் பிடித்துக்கொண்டு நின்றான். இலையின் மேல் பச்சையாக அந்தக் கல்யாணம் ஓடியது. கொஞ்சம் இலைக்கு வெளியே வழிந்து அவன் வெள்ளைச் சட்டையில் விழுந்தது. அவன் நெஞ்சில் நாதஸ்வரக்காரர் வாசித்துக்கொண்டிருந்தார்.

மேடைப் பக்கத்திலிருந்து தாய்மாமன் வந்தார். அவ்வளவு பெரிய உடம்பு அவ்வளவு வேகமாக ஓடி நான் பார்த்ததில்லை.

"இன்னாம்மா பண்றீங்க? மொதல்ல ஒயரப் புடுங்குங்க."

"புடுங்க முடியாதுங்க. தாலி கட்ன போட்டோ இதுலதான் இருக்கு, போயிடும்."

"போனா போவுது, நான் சொல்றேன், புடுங்கு."

அவர் மேசைக்குப் பின்னால் குனிந்து ஒயர்களுக்குள் கையை விட்டார். நான் நடுவில் போய் நின்றுகொண்டேன். கல்யாண வீட்டில் பெரிய மனிதரை ஒரு வெளியூர்ப் பெண் வழிமறிப்பது நல்ல காட்சியில்லை. ஆனால் அவருடைய அவசரம் எனக்குப் புரியவில்லை. மற்றவர்கள் எல்லோரும் வேடிக்கை பார்க்கிறார்கள், இவர் மட்டும் வியர்த்து ஊற்றிக்கொண்டிருக்கிறார்.

அதற்குள் மாப்பிள்ளையின் அம்மா மேடையிலிருந்து இறங்கி மெதுவாக மேசைக்கு வந்துவிட்டார். அவர் பார்வை இலையின் மேலேயே இருந்தது. கண் கலங்கியிருந்தது. அது என் தங்கச்சி பொண்ணு என்று சொன்னார், யாரிடம் என்றில்லாமல்.

பக்கத்தில் நின்ற ஒரு பெண்மணி என் காதில் மிச்சத்தைச் சொன்னார். தங்கை திட்டக்குடிப் பக்கம் வாழ்க்கைப்பட்டவர். அந்தத் தங்கையின் வீட்டுக்காரருக்கும் தாய்மாமனுக்கும் கிணற்றுத் தண்ணீர் விஷயத்தில் தகராறு. அந்த வீட்டுக் கல்யாணத்துக்கு நம்ம பக்கத்திலிருந்து ஒரு ஆள் போகக் கூடாது, இந்தக் கல்யாணத்துக்கு அவர்களைக் கூப்பிடவும் கூடாது என்று தாய்மாமன் சொல்லிவிட்டார். அண்ணன் பேச்சைத் தட்டாமல் இந்த அம்மா தன் தங்கை மகளின் கல்யாணத்துக்கே போகவில்லை. அன்றைக்கு வீட்டில் அழுதபடி இருந்தாராம்.

இலையில் அந்தக் கல்யாணத்தின் பந்தி வந்தது. வரிசையாக ஆட்கள் சாப்பிடுகிறார்கள். அந்த அம்மா இன்னும் கிட்டே குனிந்து பார்த்தார்.

"தம்பி, எலைய எடுப்பா."

அமீன் என்னைப் பார்த்தான். தாய்மாமன், எடுக்காதே என்றார். அந்த அம்மா அண்ணன் பக்கம் திரும்பவே இல்லை. நான் தலையாட்டினேன், அமீன் இலையை எடுத்தான்.

திரை முழுக்கத் தாய்மாமன். திட்டக்குடிக் கல்யாணப் பந்தியில், முதல் வரிசையில், வாயில் பாதி லட்டு. மீதிப் பாதி கையில். கன்னம் உப்பி, கண் மூடி, உலகத்தில் ஒரு குறையும் இல்லாத முகம். அடுத்த படத்தில் அவர் மணப்பெண்ணின் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் செய்கிறார், அவர் கண்ணில் தண்ணீர். அதற்கும் அடுத்த படத்தில், தகராறு செய்த அந்தத் தங்கை வீட்டுக்காரரே அவருக்கு மாலை போடுகிறார்.

 பின்வரிசையில் யாரோ ஒருவருக்கு அடக்க முடியாமல் சிரிப்பு பீறிட்டது. அதோடு சரி. பெண் வீடு, மாப்பிள்ளை வீடு, மேளக்காரர்கள், பந்தி பரிமாறுகிறவர்கள் என்று மண்டபமே சிரித்தது. சற்றுமுன் கணவனை முறைத்த மணப்பெண் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அமீன் சிரித்த சிரிப்பில் கையில் இருந்த இலை கிழிந்தது. சிரிக்காதவர்கள் இரண்டே பேர். அண்ணனும் தங்கையும்.

"கொலதெய்வம் கோயிலுக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போனீங்களேண்ணே."

தாய்மாமன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். எல்லோருக்கும் போகக் கூடாது என்று சொல்லிவிட்டேன், ஆனால் தாய்மாமன் இல்லாமல் அந்தப் பெண் எப்படி மணையில் உட்காரும், மனசு கேட்கவில்லை, யாருக்கும் தெரியாமல் போய் வந்துவிட்டேன், அங்கே போனதும் தங்கை வீட்டுக்காரரே கையைப் பிடித்துக்கொண்டார், எல்லாம் சரியாகிவிட்டது, அதை இங்கே எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அவ்வளவு பெரிய மீசைக்குப் பின்னால் இருந்து அவ்வளவு சின்னக் குரல்.

 அந்த அம்மா கையை நீட்டினார்.

"தங்கச்சிக்குப் போன் போட்டுக் குடுங்க. நான் பேசறேன்."

அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு பந்திக்கட்டின் பின்னால் போனார். அழுகையும் சிரிப்பும் மாறி மாறிக் கேட்டன. இதற்கிடையில் திட்டக்குடிக் கல்யாணம் முழுவதும் திரையில் ஓடி முடிந்தது. எல்லோரும் உட்கார்ந்து ரசித்துப் பார்த்தார்கள். கடைசியில் அன்றைய தாலிப் படங்கள் ஒன்றுவிடாமல் வந்தன.  அமீன் எங்கிருந்தோ பாயசம் கொண்டுவந்து கொடுத்தான்.

மேசைக்குப் பின்னால் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து எங்கள் பழைய சண்டையைத் தொடர்ந்தோம். சிரித்துச் சிரித்து இருவருக்கும் கோபமே வரவில்லை. என் டிரைவர் பொய் சொல்லவில்லை, கார்டு வந்தது உண்மைதான் என்றேன். அதை வைத்துக்கொண்டு என் அப்ளிகேஷன் என்ன செய்யும், யார் வந்திருக்கிறார் என்றாவது சொல்ல வேண்டாமா என்றான். ஒவ்வொரு கார்டுக்கும் தனக்கென்று ஒரு எண் இருக்கிறது, வந்தது என்று சொல்லும்போதே அந்த எண்ணையும் சேர்த்துச் சொல்லிவிடலாம், முன்னால் பார்த்த ஆளா இல்லையா என்பதை அப்ளிகேஷன் ஞாபகம் வைத்துக்கொள்ளட்டும் என்று அங்கேயே முடிவானது. இரண்டு பக்கமும் கொஞ்சம் விட்டுக்கொடுத்தோம். அதற்குப் பிறகும் நான் எழுதிய எந்த டிரைவரும் 'புதியது' என்ற வார்த்தையைச் சொன்னதில்லை. தனக்குத் தெரிந்ததை, தெரிந்த நேரத்தில், யார் என்ற அடையாளத்தோடு சொல்லும். புதிதா பழசா என்பது வாங்கிக்கொள்கிறவருடைய ஞாபகத்தைப் பொறுத்தது. பெட்டியையும் யுபிஎஸ்ஸில் செருகுங்கள், அதை எந்தக் கையேடும் சொல்லாது.

வெயில் சாயும் நேரத்தில் திட்டக்குடியிலிருந்து ஒரு வேன் வந்தது. அரக்குப் பட்டுப் பெண் இறங்கினாள், கண்ணாடி போட்ட மாப்பிள்ளை இறங்கினார், பின்னாலேயே அவளுடைய அம்மா. அக்காளும் தங்கையும் மண்டப வாசலிலேயே கட்டிக்கொண்டு நின்றதில் மற்றவர்கள் உள்ளே வர வழியில்லாமல் வெளியே நின்றார்கள். இரண்டு ஜோடிகளையும் மேடையில் உட்கார வைத்து, நடுவில் தாய்மாமனை நிற்க வைத்துப் படம் எடுத்தார்கள். கார்டு வந்தது, செருகினோம், திரையில் சரியாக அந்தப் படம் வந்தது. யாரும் கை தட்டவில்லை. எல்லோரும் சாப்பிடப் போய்விட்டிருந்தார்கள்.

நாங்கள் ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது தாய்மாமன் மேசைக்கு வந்தார். காலையில் வழிமறித்ததற்கு ஏதாவது சொல்லப் போகிறார் என்று நான் நிமிர்ந்து நின்றேன். அவர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஏம்மா, திட்டக்குடி பந்தில எடுத்த போட்டோ இருக்குதுல்ல, அதுல ஒரு காப்பி போட்டுக் குடு. லட்டு நல்லா விழுந்துருக்கு."